வாங்கியதும் அரசு, விற்றதும் அரசு: கிண்டி டெலிபிரிண்டர் ஆலையின் கதை

புதுதில்லி: சென்னை கிண்டியில் இயங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தின் தலைவிதி தில்லியில் எழுதப்பட்டது. 2001 அக்டோபரில், அதன் 74 சதவிகிதப் பங்குகளை 55 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஹிமாச்சல் பியூச்சரிஸ்டிக் நிறுவனத்துக்கு விற்றது. பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கென்றே தனி அமைச்சகம் அமைத்து, அருண் ஷோரியை அதற்கு அமைச்சராகவும் வாஜ்பாய் அரசு வைத்திருந்த காலம் அது.

இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1960இல் தொடங்கப்பட்ட ஆலை இது. தந்தி அலுவலகங்களிலும் செய்தி நிறுவனங்களிலும் அதன் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. நாளிதழ் அலுவலகங்களில் மூத்தவர்களுக்கு அந்தக் 'கடகட' ஓசை இன்றும் நினைவிருக்கும். தேவநாகரி எழுத்தில் செய்தி அடிக்கும் டெலிபிரிண்டரும் கிண்டியில்தான் தயாரானது.

பேக்ஸும் கணினியும் வந்தபின் டெலிபிரிண்டருக்கு வேலையில்லை. ஆனால் ஆலை கைகட்டி நிற்கவில்லை. தில்லியில் 1984இல் தொடங்கப்பட்ட அரசின் சி-டாட் ஆய்வு மையம், குளிர்சாதன வசதியின்றியே கிராமங்களில் இயங்கக்கூடிய தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்திருந்தது. சி-டாட் தொழில்நுட்பத்தைப் பெற்று கிண்டி ஆலையும் இணைப்பகங்கள் தயாரிக்கத் தொடங்கியது.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, ஆர்டரில் இருந்தது. ஆலையின் உரிமையாளர் மத்திய அரசு. பெரிய வாடிக்கையாளர் அதே அரசின் தொலைத்தொடர்புத் துறை, 2000 அக்டோபருக்குப் பின் பி.எஸ்.என்.எல். கருவித் தயாரிப்புக்கான உரிமக் கட்டுப்பாடு 1991இல் நீக்கப்பட்டதும் பன்னாட்டு நிறுவனங்கள் களமிறங்கின. டெண்டர்களில் விலை சரிந்தது. தன் ஆலைக்கு எவ்வளவு வேலை தருவது என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருந்த அரசே, பின்னர் அதை விற்கவும் முடிவு செய்தது.

வாங்கிய நிறுவனமும் நாடாளுமன்றம் அறியாததல்ல. 1995 தொலைபேசி டெண்டரில் ஒன்பது வட்டங்களுக்காக அதன் கூட்டமைப்பு கேட்ட தொகை ஏறத்தாழ 85 ஆயிரம் கோடி ரூபாய். அவ்வளவு பணத்தை எப்படிச் செலுத்தும் என்ற கேள்வி எழுந்ததும், ஒரு நிறுவனத்துக்கு மூன்று வட்டங்கள் என்று அரசு வரம்பு விதித்தது. அந்த டெண்டர் விவகாரத்தில் நாடாளுமன்றத்தை முடக்கியது அன்று எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க. ஆறு ஆண்டுகள் கழித்து கிண்டி ஆலையை விற்றதும் அக்கட்சி தலைமையிலான அரசுதான்.

தொலைத்தொடர்புக் கருவிகளை உள்நாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை வழங்க, 2021 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை 12,195 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதற்கிடையே கிண்டி ஆலை எச்.டி.எல். என்ற பெயரில் கண்ணாடி இழைக் கேபிள் தயாரிப்புக்கு மாறிவிட்டது. விற்பனைக்குப் பின் அரசின் கையில் எஞ்சியது 26 சதவிகிதப் பங்கு.