வட சென்னையின் பூங்கா, எண்ணூர்க் கழிமுகம்

வட சென்னைக்குப் பசுமை வேண்டும் என்று பேச்செடுத்தாலே பூங்காவும் மரக்கன்று நடும் விழாவும்தான் முன்னே வருகின்றன. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், இந்தப் பகுதியின் பெரிய பசுமைவெளியைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகமே அது. உப்பும் நன்னீரும் கலக்கும் ஓடைகள், சேற்றுக்கு மேலே சுவாச வேர்களை நீட்டி நிற்கும் அலையாத்திகள், இறாலும் நண்டும் வளரும் ஆழமில்லாத நீர் எல்லாம் அங்கே உண்டு. பூண்டி ஏரியின் மதகு திறந்தால் உபரிநீர் கடலுக்குப் போகும் வழியும் இதுதான். எந்தப் பூங்காவும் இத்தனை வேலையைச் செய்யாது.

இந்த வெளியைத்தான் சாம்பல் தூர்க்கிறது. அருகிலுள்ள அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பல், தண்ணீரில் கரைக்கப்பட்டுச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் குழாய்களில் போகிறது. குழாய் கசிந்தால் அது ஆற்றில் இறங்கிப் படிகிறது; சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பவரின் விரலில் சாம்பல் தட்டுப்படுகிறது. ஆழம் குறைய மீன் மட்டுமல்ல, வெள்ளம் ஓடும் இடமும் குறைகிறது. சாம்பலோடு எண்ணெயும் சேர்ந்தது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், அலையாத்தி வேர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது.

நகரத்துக்கு மின்சாரமும் துறைமுகமும் வேலையும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கசியும் குழாயை மாற்றினால் மின் உற்பத்தி நின்றுவிடாது. தொழில் நிறைந்த இடத்திலும் ஆற்றை மீட்கலாம். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் எம்ஷர் ஆறு நூறாண்டுக்கும் மேலாகத் திறந்த சாக்கடையாக ஓடியது. 1990களில் தொடங்கிய பணியில் கழிவுநீருக்குத் தனிக் குழாய்கள் பதிக்கப்பட்டு, 2021 இறுதியில் கழிவுநீர் ஆற்றில் கலப்பது நின்றது. அப்பகுதியின் எஸ்ஸன் நகரம் 2017இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரானது. அவர்களிடம் பணம் இருந்தது, சுரங்கங்களும் மூடப்பட்டுவந்தன என்பது உண்மை. ஆனால், இங்கே கேட்பது அத்தனை பெரிய செலவை அல்ல; ஆலை தன் கழிவைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்வதைத்தான். அது கருணை அல்ல, சட்டக் கடமை.

கடற்கரை மேலாண்மைக்காக 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடம், இந்தக் கழிமுகத்தைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறித்தது. அதன்படி நிலத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். படிந்த சாம்பலை அள்ள வேண்டும். மரக்கன்றை அதற்குப் பிறகு நடலாம்.