நிபுணர் சொன்னது என்ன? இமயம் தரும் இரு பாடங்கள்

புது தில்லி: நிலம் நடுங்கினாலும், ஏரி உடைந்தாலும், புதிய நோய் பரவினாலும் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் முதலில் தேடுவது விஞ்ஞானி ஒருவரின் கருத்தைத்தான். அவர் சொல்லும் ஒரு வாக்கியம் மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. பிறகு நாடாளுமன்றத்தில் கேள்வியாகவும் அமைச்சரின் பதிலாகவும் மாறுகிறது. சில வேளைகளில் சர்வதேச அறிக்கையிலேயே இடம்பிடித்து விடுகிறது.

அந்த வாக்கியம் சரிபார்க்கப்படாமல் போனால் என்ன நேரும்? சொல்லப்படவே கூடாது என்று தடுக்கப்பட்டால் என்ன நேரும்? இந்த இரு கேள்விகளுக்கும் இமயமலையே விடை தந்திருக்கிறது.

பேட்டியில் பிறந்த ஆண்டு

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு (ஐ.பி.சி.சி.) 2007-ம் ஆண்டு தனது நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. இப்போதைய வேகத்தில் புவி வெப்பமடைந்தால் இமயமலைப் பனியாறுகள் 2035-ம் ஆண்டுக்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று அதன் ஆசியா குறித்த அத்தியாயம் கூறியது. கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா படுகைகளில் வாழும் கோடிக்கணக்கான மக்களின் குடிநீரோடும் பாசனத்தோடும் தொடர்புடைய கணிப்பு என்பதால் அது நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

ஆனால், அந்த ஆண்டுக்கு ஆதாரமாக ஆய்விதழ் எதுவும் காட்டப்படவில்லை. உலக வனஉயிர் நிதியம் 2005-இல் வெளியிட்ட ஓர் அறிக்கைதான் காட்டப்பட்டிருந்தது. அந்த அறிக்கையோ, 1999-இல் பிரிட்டனின் 'நியூ சயின்டிஸ்ட்' வார இதழில் வெளியான செய்திக் கட்டுரையை நம்பி எழுதப்பட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்துத் தெரிவித்திருந்தவர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பனியாற்று ஆய்வாளர் சையது இக்பால் ஹஸ்னைன். தமது ஆய்வுக் கட்டுரை எதிலும் அத்தகைய ஆண்டைக் குறிப்பிட்டதில்லை என்று அவர் பின்னாளில் விளக்கமளித்தார். ஆக, செய்தியாளரிடம் பேசப்பட்ட ஒரு கருத்து, எட்டே ஆண்டுகளில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அறிவியல் முடிவாக உருமாறிவிட்டது.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. துருவப் பகுதி நீங்கலான உலகப் பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்று 1996-ம் ஆண்டின் யுனெஸ்கோ வெளியீடு ஒன்று மதிப்பிட்டிருந்தது. அதற்கு அது குறித்த ஆண்டு 2350. ஐ.பி.சி.சி. அறிக்கையிலும் அதே பரப்பளவுகள் இடம்பெற்றன. ஆண்டு மட்டும் 2035. இமயமலையில் உள்ள பனியாறுகளின் மொத்தப் பரப்போ 5 லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துறை அறிந்த எவரும் ஒரே வாசிப்பில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழை அது.

சர்ச்சை வெடித்தது 2009 நவம்பரில். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி.கே. ரெய்னா தயாரித்த விவாத அறிக்கையை வெளியிட்டார். பனியாறுகள் பின்வாங்குவது உண்மை. ஆனால், அண்மை ஆண்டுகளில் அது அசாதாரண வேகத்தை எட்டியதாகச் சொல்ல முடியாது என்றது அந்த அறிக்கை. ஐ.பி.சி.சி. தலைவராக இருந்த ஆர்.கே. பச்சௌரி அதைப் 'பில்லிசூனிய அறிவியல்' என்று சாடினார். ஆயினும், 2010 ஜனவரி 20-ம் தேதி ஐ.பி.சி.சி. தனது பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு நியமித்த குழு, அறிக்கைகளைச் சரிபார்க்கும் முறையை வலுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதனால் பனியாறுகளுக்கு ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலை மேம்பாட்டு மையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் 2011-2020 காலகட்டத்தில், அதற்கு முந்தைய பத்தாண்டுகளைவிட 65 சதவீதம் வேகமாக உருகியுள்ளன. பிழையான ஓர் ஆண்டு செய்த தீங்கு இதுதான்: மெய்யான எச்சரிக்கையையும் ஐயத்தோடு பார்க்க மக்களைப் பழக்கிவிட்டது.

பேசாதே என்ற உத்தரவு

இரண்டாவது பாடம் உத்தரகண்டின் ஜோஷிமட் நகரில் (2024-இல் இது ஜோதிர்மட் எனப் பெயர் மாற்றப்பட்டது) கிடைத்தது. 2023 ஜனவரியில் அங்கு நிலம் உள்வாங்கி, 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. கடும் குளிரில் மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினர். அருகே நடைபெற்ற நீர்மின் திட்டச் சுரங்கப் பணியே காரணம் என்று ஊர்மக்கள் குற்றம்சாட்டினர். திட்டத்தை நடத்தும் நிறுவனம் அதை மறுத்தது.

அந்நேரத்தில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் தேசியத் தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் படங்களின் அடிப்படையில் முதல்கட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் நகரின் ஒரு பகுதி 5.4 சென்டிமீட்டர் புதைந்திருப்பதாக அதில் கூறப்பட்டிருந்தது. ஜனவரி 13-ம் தேதி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. நிறுவனங்கள் தத்தம் விளக்கங்களை ஊடகங்களிடம் கூறுவது மக்களிடையே குழப்பத்தை உண்டாக்குகிறது. நிபுணர் குழுவின் இறுதி அறிக்கை வரும்வரை எதையும் வெளியிட வேண்டாம் என்பது அதன் சாரம். இஸ்ரோ மையத்தின் அறிக்கை இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது.

பீதியைத் தவிர்க்க வேண்டும் என்ற அரசின் கவலையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஒரே நாளில் நான்கு நிபுணர்கள் நான்கு காரணங்களைச் சொன்னால், வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று தவிப்பவர் யாரை நம்புவார்? ஆனால், எட்டு நிறுவனங்களின் ஆய்வறிக்கைகள் அதே ஆண்டு செப்டம்பரில்தான் மக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றை ரகசியமாக வைத்திருக்கக் காரணம் இல்லை என்று உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கூறிய பிறகே அதுவும் நடந்தது. தங்கள் காலடி நிலத்தைப் பற்றிய உண்மையை அறிய, அங்கு வாழ்வோர் எட்டு மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

கார்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு, ஜோஷிமட் உறுதியான பாறைமீது அமையவில்லை, பழைய நிலச்சரிவின் மண், கல் குவியல்மீதே அமைந்திருக்கிறது என்று 1976-ம் ஆண்டே எச்சரித்ததை இங்கு நினைவுகூர வேண்டும். கனரகக் கட்டுமானம் கூடாது, பாறைகளை வெடிவைத்து அகற்றக் கூடாது, மரங்களை வெட்டக் கூடாது என்றும் அக்குழு அறிவுறுத்தியது. கோப்பில் உறங்கிய அந்த அறிக்கை ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்தது.

தேவை என்ன?

மத்தியக் குடிமைப் பணி (நடத்தை) விதிகள், 1964-இன் 8-வது விதி அரசு ஊழியர்களின் ஊடகத் தொடர்பை வரையறுக்கிறது. 9-வது விதி அரசின் கொள்கைகளையும் நடவடிக்கைகளையும் விமர்சிப்பதைத் தடுக்கிறது. நிலச்சரிவையும் பனியாற்றையும் அளப்பவர்களில் பெரும்பாலோர் அரசு நிறுவனங்களில்தான் பணிபுரிகிறார்கள். அவர்கள் வாய்மூடும்போது, வெற்றிடத்தை நிரப்புபவர்கள் துறைக்குத் தொடர்பில்லாத 'நிபுணர்கள்'. நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் முன் விஞ்ஞானிகள் சாட்சியமளிக்க முடியும் என்றாலும், குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை அவர்கள் கூறியது வெளியே வராது.

பிரிட்டனில் பிரபுக்கள் அவைக் குழு ஒன்று 2000-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, விஞ்ஞானிகளையும் செய்தியாளர்களையும் இணைக்கும் அறிவியல் ஊடக மையம் 2002-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. நிறுவனங்களிடம் நிதி பெறுவது குறித்து அதன்மீது விமர்சனங்களும் உண்டு. எந்த ஏற்பாடானாலும் சில கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. கருத்துக் கூறுபவர் தாமே அளந்து சொல்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா? அது அவருடைய துறைதானா? அவரது ஆய்வுக்கு நிதி யாருடையது? இவற்றைக் கேட்பது செய்தியாளரின் கடமை. மறைக்காமல் சொல்வது விஞ்ஞானியின் கடமை. சொல்ல விடுவது அரசின் கடமை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு. 42-வது திருத்தத்தின் மூலம் அது சேர்க்கப்பட்டதும், மிஸ்ரா குழு எச்சரித்ததும் அதே 1976-ம் ஆண்டில்தான். கடமையைக் குடிமகனுக்கு எழுதிவைத்த அரசு, அதை நிறைவேற்றத் தேவையான தகவலையும் அவனுக்குத் தர வேண்டாமா?