மைசூரு தடத்தில் நின்றுபோன சீன வேகம்

புது தில்லி: சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக மைசூருவுக்குச் செல்லும் ரயில் தடத்தின் வேகத்தை உயர்த்த சீனாவுடன் இணைந்து தீட்டப்பட்ட திட்டம், சீனத் தரப்பில் ஓர் அடி தண்டவாளம்கூடப் போடப்படாமல் கோப்புகளுக்குள் முடங்கிப்போனது. அதைக் கைவிட்டதாக அரசு பெரிய அறிவிப்பு எதையும் வெளியிடவில்லை. நாடாளுமன்றத்திலும் அது விரிவான விவாதப் பொருளாகவில்லை. அண்டை நாடுகளில் சீன அரசு வங்கிகளின் கடன் குறித்து நம் தலைவர்கள் அவ்வப்போது எச்சரிப்பதுண்டு. அதே வாய்ப்பு நம் வாசலுக்கு வந்தபோது என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதற்கு மட்டும் தெளிவான பதில் இல்லை.

சீன அதிபர் ஷி ஜின்பிங் 2014 செப்டம்பரில் தில்லி வந்தபோது ரயில்வே ஒத்துழைப்புக்கான உடன்பாடுகள் கையெழுத்தாயின. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த சதானந்த கௌடா. சென்னை-பெங்களூரு-மைசூரு தடத்தில் வேகத்தை மணிக்கு 160 கி.மீ. வரை உயர்த்துவது அந்தச் செயல்திட்டத்தின் ஓர் அம்சம். (ஆங்கிலத்தில் 'மைசூர்' என்று எழுதப்பட்டுவந்த நகரின் பெயர் 'மைசூரு' என அதிகாரபூர்வமாக மாறியது அதற்கடுத்த நவம்பரில்தான்.) சாத்தியக்கூறு ஆய்வை மேற்கொண்டது, சீன அரசுக்குச் சொந்தமான ரயில்வே குழுமத்தைச் சேர்ந்த எர்யுவான் பொறியியல் நிறுவனம்.

இத்தகைய ஆய்வுகளைப் பொறியியல் வேலை என்று மட்டும் கருதிவிட முடியாது. ஆய்வு செய்யும் நாடு தன் தொழில்நுட்ப அளவுகோல்களை முன்வைக்கும். அந்த அளவுகோல்களுக்கு ஏற்ற கருவிகளும் ஒப்பந்ததாரர்களும் பெரும்பாலும் அந்நாட்டிலேயே கிடைப்பார்கள். கடைசியில் கடன் கொடுக்க அந்நாட்டு அரசு வங்கி காத்திருக்கும். சீனாவின் எக்சிம் வங்கியும் சீன வளர்ச்சி வங்கியும் பல நாடுகளில் நடந்துவந்த பாதை இது. மைசூரு தடத்துக்கான உடன்பாடு கையெழுத்தான அதே 2014-ஆம் ஆண்டின் இறுதியில்தான், 4,000 கோடி டாலர் இலக்குடன் பட்டுப்பாதை நிதியத்தையும் பெய்ஜிங் தொடங்கியது.

எர்யுவான் நிறுவனம் தன் இறுதி அறிக்கையை 2016 நவம்பரில் அளித்தது. அடுத்த ஆண்டு கோடையில் டோக்லாமில் இரு நாட்டுப் படைகளும் 73 நாள் எதிரெதிரே நின்றன. 2017 அக்டோபரில் ரயில்வே வாரியத்தின் உள் குறிப்பு ஒன்று செய்தியானது: 492 கி.மீ. நீளமுள்ள மைசூரு தடத் திட்டம் நின்றுபோயிருக்கிறது. காரணம், சீனத் தரப்பிடமிருந்து பதிலே வரவில்லை. மௌனத்துக்குப் பின்னால் டோக்லாம் இருக்கலாம் என்று அதிகாரிகளே பேசிக்கொண்டனர்.

அந்த மாதங்களில் நடந்த வேறு இரண்டு நிகழ்வுகளை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். டோக்லாம் பதற்றம் தணிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2017 செப்டம்பர் 14 அன்று மும்பை-ஆமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு ஜப்பான் அளிக்க முன்வந்த கடனுக்கு வட்டி 0.1 சதவீதம், தவணைக் காலம் 50 ஆண்டுகள். இரண்டாவது நிகழ்வு பெங்களூருவில். அதே டிசம்பரில், கொட்டிகெரே-நாகவாரா மெட்ரோ வழித்தடத்துக்கு 33.5 கோடி டாலர் கடன் அளிக்க ஒப்புதல் தந்தது ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி. அதன் தலைமையகம் பெய்ஜிங். மிகப் பெரிய பங்குதாரர் சீனா. இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா. அவ்வங்கியிடம் மிக அதிகமாகக் கடன் பெற்ற நாடும் இந்தியாதான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் அங்கிருந்து பணம் வருகிறது.

ஆக, பெய்ஜிங்கிலிருந்து பணம் வருவது தில்லிக்கு ஆகாத காரியம் அல்ல. எந்த வாசல் வழியாக வருகிறது என்பதே கேள்வி. பன்னாட்டு வங்கியில் நமக்கும் ஓட்டு உண்டு. ஒப்பந்தப்புள்ளிகள் பல நாட்டாருக்கும் திறந்திருக்கும். அங்கும் சீனாவின் ஓட்டு கால் பங்குக்கும் மேல் என்பதால், 75 சதவீத ஆதரவு தேவைப்படும் முக்கிய முடிவுகளைத் தனித்தே தடுக்க அதனால் முடியும். ஆனால், இரு நாட்டு அரசுகளுக்கு இடையே நேரடியாகப் பேசி முடிக்கப்படும் கடனில் இந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. முதல் கட்டத்துக்கு எக்சிம் வங்கி அளித்த 30.7 கோடி டாலரின் வட்டி 6.3 சதவீதம். 2017-இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன அரசு சார்ந்த நிறுவனத்திடம் போனது. கிடைத்தது 112 கோடி டாலர். கடனுக்கு ஈடாகத் துறைமுகம் பறிக்கப்பட்டதாக மேடைகளில் பேசப்படுவது முழு உண்மையல்ல. அந்தத் தொகை கொழும்பின் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று. எக்சிம் வங்கிக் கடன் அப்படியே தொடர்ந்தது.

மைசூருவுக்கு இன்னும் நெருக்கமான பாடம் இந்தோனேசியாவில் இருக்கிறது. ஜகார்த்தா-பாண்டுங் அதிவேக ரயிலுக்கு 2015-இல் ஜப்பானும் சீனாவும் போட்டியிட்டன. அரசு உத்தரவாதம் தேவையில்லை என்று சொல்லிச் சீனா வென்றது. நிதியில் முக்கால் பங்கு சீன வளர்ச்சி வங்கியின் கடன். செலவு கைமீறியபோது, முதலில் சொன்னதற்கு மாறாக அரசுப் பணத்தையும் இறக்க வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. கடன் சுமை பற்றிய சர்ச்சையும் உடன் ஓடுகிறது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் தில்லி விலகியது என்றால் அதைப் பாராட்டலாம். ஆனால் நடந்தவை அப்படிக் காட்டவில்லை. பதில் வரவில்லை என்ற செய்திக்கு ஆறு மாதம் கழித்து, 2018 ஏப்ரலில் பெய்ஜிங் சென்ற நீதி ஆயோக் துணைத் தலைவர் ராஜீவ் குமார், பெங்களூரு-சென்னைத் தடத்தின் வேகத்தை உயர்த்துவதில் பங்கேற்குமாறு சீனாவை மீண்டும் அழைத்தார். கதவைச் சாத்தியது கல்வான். 2020 ஜூனில் அங்கு 20 இந்திய வீரர்கள் உயிர்நீத்தனர். மறுமாதம், உலக வங்கி நிதியில் நடந்துவந்த கான்பூர்-முகல்சராய் சரக்கு ரயில் தடத்தின் 471 கோடி ரூபாய் சிக்னல் ஒப்பந்தமே சீன நிறுவனத்திடமிருந்து பறிக்கப்பட்டது. அதிகாரபூர்வக் காரணம், வேலை மந்தம் என்பது.

வெளிக்கடன் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. அரசியல் சட்டத்தின் 292-ஆவது பிரிவு, நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு வகுத்தால் அதற்கு உட்பட்டுக் கடன் வாங்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. எவரிடம், எந்த நிபந்தனையில் என்பது அமைச்சகங்களின் அறைகளுக்குள் முடிவாகிறது. உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினால் இரண்டு பத்திப் பதில் கிடைக்கும். ஜப்பான் கடனானாலும் சீனக் கடனானாலும் நிலைமை இதுவே. பெங்களூரு மெட்ரோவுக்கு வாங்கிய கடனில் சரியெனப்பட்டது மைசூரு தடத்தில் ஏன் சரிப்படவில்லை என்ற கேள்விக்கு, நிதி அமைச்சரோ ரயில்வே அமைச்சரோ அவையில் விளக்கம் அளிப்பதே முறை.

மைசூரு பயணிக்கு இடையில் கிடைத்தது வந்தே பாரத். 2022 நவம்பர் 11 அன்று பிரதமர் மோடி பெங்களூருவில் கொடியசைத்துத் தொடங்கிவைத்த அந்த ரயில், சுமார் 500 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. சராசரி வேகம் மணிக்கு 80 கி.மீ.க்கும் குறைவு. இதே நகரங்களை இணைக்கும் 435 கி.மீ. அதிவேகப் பாதைக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு தேசிய அதிவேக ரயில் கழகத்திடம் தரப்பட்டது. அதற்கான கடன் எந்த நாட்டிலிருந்து வரும் என்பதை அந்த அறிக்கை மேசைக்கு வரும் நாளிலாவது உறுப்பினர்கள் கேட்டாக வேண்டும்.