உழவை விடும் காலம்

தஞ்சைப் பகுதியில் நாலைந்து ஏக்கர் நன்செய் வைத்துக்கொண்டு, எழுபது வயதிலும் விடியலில் வரப்பில் நடக்கும் தந்தையர் நம்மில் பலருக்கு உளர். பிள்ளைகளோ தில்லியிலும் மும்பையிலும் உத்தியோகத்தில் இருக்கிறோம். உழவை எப்போது நிறுத்துவது என்னும் பேச்சு, நாம் விடுமுறைக்கு ஊர் செல்லுந்தோறும் தொடங்கி, ரயிலேறும் நாளன்று முடிவின்றி அடங்கிவிடுகிறது.

உழவை நிறுத்துவது வேறு. நிலத்தை விற்பது வேறு. இரண்டையும் ஒன்றாகவே நாம் பேசுவதால்தான் பெரியவர்கள் முகம் கொடுப்பதில்லை. அவர்களுக்கு உடல் அலுத்திருக்கலாம். ஊரில் தம் வேர் அற்றுப்போக மனம் ஒப்புமோ?

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். நீர் குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போவதும் உண்டு. குறுவைக்கு நாற்று விட்டபின் நிறுத்த நினைத்தால் பயிர்க்கடனும் கூலியும் முன்னே நிற்கும். சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்தும் வீடு வந்து, வயல் வெறுமையாய்க் கிடக்கும் சித்திரையே இம்முடிவுக்கு ஏற்ற காலம். உழவு மாடு இன்று அரிது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு வருகின்றன. ஆதலால் விற்று முடிக்க வேண்டிய தளவாடம் அதிகமில்லை. கொட்டிலில் நிற்கும் கறவைப் பசுவைப் பிரிவதுதான் அம்மாவுக்குக் கடினம்.

பல ஆண்டு மடை பார்த்து, வரப்பு வெட்டிய ஆளுக்கு ஒரு போகம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவரிடமே குத்தகைக்கு விடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்துகொண்டே விட வேண்டும். சொந்த உடலுழைப்பால் பயிரிட்டு, குத்தகையை ஒழுங்காக அளப்பவரை நினைத்தபோது வெளியேற்ற அச்சட்டம் இடம் தராது. எழுத்தில்லாத ஏற்பாடும் அதில் அடங்கும். பாடுபடுவோருக்கு இப்பாதுகாப்பு நியாயமே என்பது எம் கருத்து. மறு ஆண்டே விற்கும் எண்ணமுடையோர் குத்தகைக்கு விடாதிருப்பதே இருவருக்கும் நலம்.

எல்லாவற்றினும் அவசரமானது பத்திர விவகாரம். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் பல. எந்தப் புல எண் எந்த வரப்போடு முடிகிறது, எவரிடம் வாய்ப்பேச்சாக மாற்றிக்கொண்ட துண்டு எது என்பதெல்லாம் தந்தையின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் நடந்து காட்டக்கூடிய காலத்திலேயே உடன் நடந்து குறித்துக்கொள்ள வேண்டும். சகோதரிகளையும் அழைத்துச் செல்க. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டு. சீர் செய்து அனுப்பியாயிற்று என்னும் பழம்பேச்சு இனிச் செல்லாது.

உழவை விட்டவரை மறுமாதமே அழைத்து வந்து நகரத்து நான்காம் மாடியில் அமர்த்துவதில் எமக்கு உடன்பாடில்லை. கொல்லையில் சில வாழையும் ஒரு கீரைப் பாத்தியும் அவர் வசம் இருக்கட்டும். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் நாளில் அவர் கரைக்குப் போய் நிற்பார். யாரும் தடுக்க வேண்டுவதில்லை.