விழும் கட்டங்களும் விலகாத காட்சியும்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் சாலை வழியே பயணம் செய்தவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகின்றது. டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் சில ஓட்டுநர்கள் பாரம் ஏற்றிய லாரியை நியூட்ரலில் உருள விடுகின்றனர். பிறகு பிரேக் பிடிப்பதில்லை. 2024 ஜனவரியில் அவ்வாறு கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி முன்சென்ற வாகனங்கள் மீது மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். அந்தக் காட்சி கைபேசிகள் வழியே வீடு வீடாகப் பரவியது நேயர்களுக்கு நினைவிருக்கும்.

விபத்தில் மடிந்தோரைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. கை கால் முறிந்தோரை மருத்துவமனை கவனித்துக் கொள்கின்றது. சிறு கீறலோடு தப்பி வீடு திரும்பியவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

என் மைத்துனர் அப்படித் திரும்பியவர். 1990களின் பிற்பகுதியில், பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் சென்ற வேனில் அவரும் இருந்தார். கணவாயில் பின்னால் வந்த லாரி மோதியது. நெற்றியில் மூன்று தையல், அவ்வளவுதான். "அல்லாஹ் காப்பாற்றினான்" என்று குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் அன்றிரவு முதல் அவருக்கு உறக்கம் இல்லை. கண்ணை மூடினால் லாரியின் இரண்டு விளக்குகள் தம்மை நோக்கி வருவதாகச் சொன்னார். உணவு உண்ணும்போது வந்தது. தொழுகையில் நிற்கும்போதும் வந்தது. மாமியார் ஹஜ்ரத்தை அழைத்து ஓதிப் பார்த்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலையே நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுச் சிறுவன் தன்னுடைய பிரிக் கேம் கருவியை அவரிடம் நீட்டி, "மாமா, விளையாடுங்கள்" என்றான். சவூதியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெருநாளைக்குக் கொடுத்த பரிசு அது. மேலேயிருந்து கட்டங்கள் விழும். அவற்றைத் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். "உயிர் பிழைத்து வந்தவரிடம் விளையாட்டா?" என்று அதட்டி, கருவியைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டியவன் அடியேன்தான்.

கட்டங்களை அடுக்கும் அந்த விளையாட்டின் மூலப்பெயர் டெட்ரிஸ். 1984 இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உருவாக்கியது. ஒவ்வொன்றும் நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள். அவ்வளவே அதன் முதலீடு. பொழுதுபோக்காகப் பிறந்த இது, கால் நூற்றாண்டு கழித்து மனநல ஆய்வாளர்களின் மேசைக்குச் சென்றது.

2009 இல் எமிலி ஹோம்ஸ் என்னும் மருத்துவ உளவியலாளரும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். நாற்பது பேருக்குக் கோரமான காட்சிகள் அடங்கிய படம் ஒன்று காட்டப்பட்டது. அரைமணி நேரம் கழித்துப் பாதிப் பேர் பத்து நிமிடம் டெட்ரிஸ் விளையாடினர். மற்றவர்கள் சும்மா அமர்ந்திருந்தனர். பிந்திய நாட்களில், விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் அழையாமல் கண்முன் வந்தது குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு படி மேலே சென்று, டெட்ரிஸுக்கு ஒப்பாகச் சொற்களால் ஆடும் வினாடி வினா விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தனர். அது பயன்படவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? கண்ட காட்சி மனத்தில் உறைந்து கெட்டிப்படச் சில மணி நேரம் ஆகின்றது. உருவங்களைக் கையாளும் மன இடமோ மிகச் சிறியது. விழும் கட்டத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, எந்த இடுக்கில் பொருந்தும் என்று கணிப்பவனுக்கு, அதே நேரத்தில் அதே இடத்தில் லாரியின் விளக்கையும் முழு வலுவோடு நிறுத்தி வைக்க முடிவதில்லை. சொல் விளையாட்டு வேறோர் அறையில் நடப்பது. காட்சியின் இடத்தை அது பிடிப்பதில்லை. நம் வீட்டார் வேதனைப்பட்டவரைச் சுற்றி அமர்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அன்பினால்தான். இருந்தும் கண்ணில் நிற்பது பேச்சினால் போகவில்லையே என்று பலர் அங்கலாய்ப்பதன் காரணம் இங்கே ஓரளவு விளங்குகின்றது.

திரைப்படம் பார்ப்பது வேறு, விபத்தில் சிக்குவது வேறு அல்லவா? அதையும் பார்த்துவிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. அனைவரும் வாகன விபத்தில் சிக்கியவர்கள் அல்லது நேரில் கண்டவர்கள். விபத்து நேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள், ஏறக்குறையப் பாதிப் பேரிடம் மிக மோசமான கணத்தைச் சுருக்கமாக நினைவுகூரச் சொல்லி, பிறகு இருபது நிமிடம் அளவுக்குக் கையடக்கக் கருவியில் டெட்ரிஸ் விளையாட வைத்தனர். முதல் வாரத்தில் விளையாடாதவர்களுக்கு அக்காட்சி சராசரியாக 23 தடவைக்கு மேல் திரும்பி வந்தது. விளையாடியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்பது தடவைதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், அவசரமாக வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற தாய்மார் 56 பேரிடம் செய்த சோதனையும் இதே திசையைத்தான் காட்டியது. நம் இல்லங்களில் எத்தனை பெண்கள் அந்த அறையின் நினைவை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எந்தக் காயத்துக்கும் கைபேசியே மருந்து என்று யாரும் புறப்பட வேண்டாம். இவை சிறிய ஆய்வுகள். முதல் வாரத்துக் கணக்கு. தலையில் அடிபட்டவருக்கு முதலில் வேண்டியவர் மருத்துவர். மாதக்கணக்கில் உறக்கம் கெட்டவர் மனநல மருத்துவரிடம் செல்வதில் வெட்கமும் இல்லை.

கண்ணையும் கையையும் விளையாட்டு பழக்கும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. சிறு துளை வழியே கருவி செலுத்தி அறுவைச் சிகிச்சை செய்யும் 33 மருத்துவர்களை நியூயார்க்கில் சோதித்தனர். முன்பு வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடியவர்கள், விளையாடாதவர்களைவிட 37 விழுக்காடு குறைவாகத் தவறு செய்தனர் என்று 2007 இல் அறிவித்தனர். (விளையாடியதால் திறமை வந்ததா, திறமை உள்ளவர் விளையாடினாரா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.)

இரவெல்லாம் விழித்துப் பள்ளியில் உறங்கும் பிள்ளையை நான் மறந்துவிடவில்லை. கட்டுப்படுத்த முடியாத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார அமைப்பே 2019 இல் நோய்ப் பட்டியலில் ஏற்றிவிட்டது. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவை விளையாட்டு என்ற பெயரில் நுழையும் சூது. அவற்றை மார்க்கம் எப்போதோ விலக்கிவிட்டது, 2025 இல் நாடாளுமன்றமும் இணையத்தில் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. விழும் கட்டங்களை அந்தக் கூட்டத்தோடு சேர்த்து அலமாரியில் பூட்டியதுதான் என் பிழை.

அன்று விளையாடியிருந்தால் மைத்துனர் குணமாகியிருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டு விளக்குகளும் நாளடைவில் மங்கிவிட்டன என்கிறார். ஆயினும் சேலத்தில் திருமணம் என்றால் நாங்கள் வேன் ஏறுகிறோம். அவர் மட்டும் இன்றுவரை தருமபுரி ரயில் நிலையத்துக்குத்தான் போகிறார்.