குட்டி ஜப்பானில் ஒரு குட்டி மெக்சிகோ!

சிவகாசிக்காரர்களுக்கு வெடிச்சத்தம் எல்லாம் பழகிப்போயிருக்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். சித்தி வீட்டில் நான்கு நாள் தங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். எங்கோ தூரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம். வடைச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, சித்தி மொட்டை மாடிக்கு ஓடினார். பக்கத்து மாடியில் இன்னும் இரண்டு பேர். எல்லோரும் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். புகை எதுவும் இல்லை. "டெஸ்ட் வெடிதான்" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் கீழே இறங்கி வந்தார். சித்தப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வேறு எதுவும் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குள் இன்னொரு ஜீவனும் நடுங்கிக்கொண்டிருந்தது. பீரோவுக்கு அடியில், சுவரோடு ஒட்டி. எடை ஒரு கிலோ எண்ணூறு கிராம். பெயர் கடுகு. இனம் சிவாவா.

ஆமாம், உலகத்திலேயே மிகச் சிறிய நாய் இனம். எழுதும்போது 'சிஹுவாஹுவா' என்றும் எழுதுகிறார்கள், வாயில் சொல்லும்போது 'சிவாவா'தான் சரி. மெக்சிகோவின் வடக்கே இருக்கும் ஒரு மாநிலத்தின் பெயர் அது. சிவகாசியில் சிவாவா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி தெருவில் முதல் வாரம் கேட்ட கேள்வி வேறு மாதிரி: "ஏக்கா, இது நாயா, பெருச்சாளியா?"

அந்தத் தெருக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் நாய் என்றால் ராஜபாளையம். 65 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் ஒன்று நம்ம ராஜபாளையம். வேட்டைக்குப் பெயர்போன சிப்பிப்பாறையும் இந்தச் சுற்றுவட்டாரத்து இனம்தான். அப்படிப்பட்ட மண்ணில், செருப்பு டப்பாவுக்குள் அடங்குகிற ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினால் கேட்கத்தான் செய்வார்கள். ராஜபாளையம் குட்டிகளில் சில, அந்த வெள்ளை நிறத்துக்கான மரபணுக் காரணத்தாலேயே காது கேளாமல் பிறப்பதுண்டு. "இந்த ஊருக்கு அதுதான்மா தோது" என்பது சித்தப்பாவின் பழைய ஜோக்.

கடுகை வாங்கிக் கொடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, சித்தி மகன். அம்மா பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாரே என்று. என்ன விலை என்பதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான், நானும் சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் தலையும் அரை உண்மையும்

வளர்ந்த சிவாவா பொதுவாக ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். உயரம் ஒரு சாண் அளவுதான். ஆப்பிள் மாதிரி உருண்டைத் தலை, அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய காதுகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். முடி குட்டையாகவும் இருக்கும், நீளமாகவும் இருக்கும். மெக்சிகோவின் பழங்குடிகள் வளர்த்த டெச்சிச்சி என்ற சிறிய நாயின் வழிவந்தது என்று ஒரு கருத்து உண்டு. 1800-களின் நடுவில் அமெரிக்கர்கள் கண்ணில் பட்டு, எல்லை தாண்டி, 1908-ல் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பதிவேட்டில் ஏறியது. இப்போது கின்னஸில் உலகின் மிகக் குட்டையான நாயும் ஒரு சிவாவாதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பேர்ல். உயரம் 9.14 சென்டிமீட்டர். நம் கையில் இருக்கும் போனை நிமிர்த்தி வைத்தால், அதைவிட அந்த நாய் குட்டை.

சிவாவாவின் உச்சந்தலையில் சில சமயம் ஒரு மென்மையான குழி இருக்கும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி இருக்குமே, அதேதான். சில நாய்களுக்கு வளர வளர மூடிவிடும், சிலவற்றுக்குக் கடைசிவரை மூடாது. அது இந்த இனத்தின் இயல்பு. ஆனால் அந்த இடத்தில் அடிபடக் கூடாது. கடுகுக்கும் இருக்கிறது. சித்தி அதன் தலையைத் தடவும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், விரல் நுனி மட்டும்தான் படும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தம்பிக்கு விற்றவர் இதை 'டீ கப் சிவாவா' என்று சொல்லித்தான் கூடுதல் பணம் வாங்கியிருக்கிறார். எந்த முக்கியமான கென்னல் கிளப்பும் டீ கப் என்று ஒரு வகையை அங்கீகரிக்கவில்லை. சிவாவா என்றாலே சின்னதுதான். அதற்குள்ளும் சின்னது வேண்டும் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய குட்டி, அல்லது தாயைவிட்டுச் சீக்கிரம் பிரித்த குட்டி. கடுகு வந்தபோது அதற்கு நாற்பது நாள் வயது. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட விவரமும் கையில் தர வேண்டும். தம்பிக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. எனக்கும்தான். போட்டோவைப் பார்த்து 'ஸோ க்யூட்' என்று நானும் ஹார்ட் போட்டிருக்கிறேன்.

சீனித்தண்ணி காப்பாற்றிய காலை

அந்த நாற்பது நாள் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சித்தி சொல்லக் கேட்டேன்.

மார்கழி மாதம். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு ராத்திரி தாமதமாகத் திரும்பியிருக்கிறார்கள். குட்டி தூங்கிக்கொண்டிருந்ததால் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கவில்லை. காலையில் பார்த்தால் நிற்க முடியாமல் தள்ளாடுகிறது. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. "நான் செத்துருச்சுன்னே நினைச்சுட்டேன்மா. கையில வச்சிருக்கேன், வெயிட்டே இல்ல."

போனில் கிடைத்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு?" அடுத்து, "சீனியைத் தண்ணியில கெட்டியாக் கரைச்சு ஈறுல தடவுங்க. வாயில ஊத்திராதீங்க, புரையேறிரும். துணியில சுத்திக் கதகதப்பா வச்சு உடனே கொண்டுவாங்க." தடவிய சில நிமிடங்களில் நாக்கு அசைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதை ரத்தச் சர்க்கரை இறக்கம் என்கிறார்கள். மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமே கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலோ, குளிரில் நடுங்கினாலோ, அதிகமாக விளையாடினாலோ இருப்பு தீர்ந்துபோகும். அதனால் மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இதை விற்கும்போதே சொல்லியிருந்தால் அந்தக் காலை வந்திருக்காது என்று சித்தி இன்னமும் புலம்புகிறார். தன்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறார்.

கொடுக்காமல் இருப்பது ஒரு ஆபத்து என்றால், கொடுப்பது இன்னொன்று. நம் ஊர் விருந்தாளிகள் சும்மா இருப்பார்களா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஒரு விள்ளல், விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் ஒரு பிய்ப்பு, மேலே கொஞ்சம் சால்னா. சால்னாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட், திராட்சை இரண்டும் ஆகவே ஆகாது. இருபது கிலோ நாய் திருடித் தின்கிற அதே துண்டு, இரண்டு கிலோ நாய்க்குப் பத்து மடங்கு. இப்போது சித்தி வீட்டு ஃப்ரிட்ஜில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கடுகுக்கு யாரும் எதுவும் தர வேண்டாம். மாமாவும்தான்.' (அச்சக ஊர் இல்லையா, அட்டைக்குப் பஞ்சமில்லை.)

மற்றபடி பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு மாட்டும் பெல்ட் போதும். கழுத்தில் கயிறு இழுபட்டால் இவற்றின் மூச்சுக்குழாய் தாங்காது. சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம், முட்டிச் சில்லு நழுவும் தொல்லையும் உண்டு. சின்ன வாயில் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் பல் தேய்த்துவிட வேண்டும். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பதினான்கு, பதினாறு வருடம்கூட இருக்கும். அதாவது பொம்மை வாங்குகிற முடிவு இல்லை இது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கினால், அந்தப் பிள்ளை காலேஜ் முடிக்கும்போதும் நாய் வீட்டில் இருக்கும்.

கடிக்குமா? கடிக்கும். சின்ன வாய் என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது. ரேபிஸுக்கு நாயின் அளவு தெரியாது. நாய்க்குத் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெடி ஊரில் வெடிக்குப் பயப்படும் நாய்

நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது முடிந்துவிடுகிறது. நாய்க்கு ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். சட்டப்படி ஒரு பட்டாசு, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதுவே மனிதக் காதுக்கு அதிகம். 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தயாரானால் போதும், மற்ற ஊர்களில். இங்கே அப்படி இல்லை. ஆலை டெஸ்ட், கோயில் பொங்கல், கல்யாணம், இறுதி ஊர்வலம், வருஷம் முழுக்கச் சத்தம்தான்.

ஆச்சர்யம் என்னவென்றால், அதே தெருவில் கறுப்பி என்று ஒரு தெருநாய். சரவெடி பக்கத்தில் வெடித்தால் எழுந்து, நான்கு அடி தள்ளிப் படுத்துத் தூங்கும். பிறந்த முதல் மூன்று மாதத்துக்குள் பழகிய சத்தம் நாய்க்குப் பெரும்பாலும் பயமாவதில்லை. கடுகு அந்த நாள்களில் பாதியை எங்கோ ஒரு கூண்டில் கழித்துவிட்டு வந்தது.

மருத்துவர் சொன்னபடி சித்தி இப்போது செய்வது இது: பொழுது சாய்வதற்குள் வெளியே கூட்டிப்போய் வந்துவிடுகிறார். நடு அறையில் ஜன்னலை மூடி, ஃபேனும் டிவியும் ஓட விடுகிறார். பீரோவுக்கு அடியில் பழைய சேலையை விரித்து வைத்திருக்கிறார், அங்கிருந்து அதை இழுத்து வெளியே எடுப்பதில்லை. மடியில் வந்து ஏறினால் அணைத்துக்கொள்கிறார். கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்று ஒரு பேச்சு உண்டு, அது உண்மையில்லை. தீபாவளிக்கு முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வைக்கிறார். மனிதர் போடும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்களாம், தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் போய்விடும். காலையில் வாசலில் கிடக்கும் வெடிக்காத பட்டாசைப் பொறுக்கிவிட்டுத்தான் நாயை இறக்குகிறார். அந்த மருந்தில் பேரியம் போன்ற நஞ்சு இருக்கும், ஒரு கடி போதும்.

சித்தியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு சித்தி இந்த நாய்?

பதில் நேரடியாக வரவில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தைப் பற்றிப் பேசினார். அன்று இந்தப் பக்கம் முழுக்கப் புகை தெரிந்ததாம். சித்தப்பா வேறு ஆலை. ஆனால் போன் கிடைக்கவில்லை. அவர் சைக்கிளில் வந்து இறங்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். "அன்னைக்குப் பிடிச்சுக்க ஒரு கைகூட இல்ல பாத்துக்க. வீட்ல நான் மட்டும்தான்."

நான் கிளம்பும் நாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுபடி ஒரு 'டொம்'. சித்தி படியேறினார். இந்த முறை கடுகு பீரோவுக்கு அடியில் போகவில்லை. அவர் முந்தானைக்குள் இருந்தது, காது இரண்டும் மட்டும் வெளியே. மாடியிலிருந்து சத்தம் கேட்டது, "ஒண்ணும் இல்லடா, டெஸ்ட் வெடி. ஒண்ணும் இல்ல."

ஆறே காலுக்குச் சித்தப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அது குரைக்க ஆரம்பித்தது.