மூடி திறந்தால் மோட்டர் நிற்க வேண்டும்

கோழித்தீன் அரைக்கும் இயந்திரம் ஒன்றைப் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, கொட்டில் ஒன்றில் வைத்துப் பயன்படுத்துவதுண்டு. உள்ளே இரும்புச் சுத்தியல்கள் வேகமாகச் சுழன்று சோளத்தை நொறுக்கும். சல்லடை அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து கையை விடுவோம். மோட்டரை நிறுத்தியவர் ஒருவர், கையை விட்டவர் இன்னொருவர், நிலைமை தெரியாமல் பொத்தானை அழுத்துபவர் மூன்றாமவர். விரல்கள் போவதற்கு இதுவே போதும்.

இதற்காகவே மூடியில் காவல் ஆளி பொருத்தப்படுகின்றது. அதை எங்கே இணைப்பது என்பதை முதலில் பார்ப்போம்.

ஸ்ராட்டர் பெட்டிக்குள் மின்காந்தச் சுருள் ஒன்று உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் அது தொடுமுனைகளை இழுத்து மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். நாம் கையை எடுத்த பின்பும், கூடவே மூடிக்கொண்ட சிறு தொடுமுனை ஒன்று சுருளுக்கு மின்சாரம் கிடைக்கச் செய்யும். காவல் ஆளியை இந்தச் சுருளின் பாதையிலேயே சேர்க்க வேண்டும். மோட்டருக்குப் போகும் தடித்த கம்பியில் சேர்த்தால் சிறிய ஆளி கருகிவிடும்.

230 வோல்ற்றுச் சுருளாயின், உயிர்க்கம்பி முதலில் சிவப்புப் பொத்தானுக்கும், பின் காவல் ஆளிக்கும், அதன்பின் பச்சைப் பொத்தானுக்கும் அதற்குப் பக்கவழியாக உள்ள சிறு தொடுமுனைக்கும், கடைசியாகச் சுருளுக்கும் போகும். சுருளின் மறுமுனை நேரே நொதுமற்கம்பிக்கு. ஆளியை நொதுமல் பக்கத்தில் வைத்தால், கம்பி நைந்து இயந்திரத்தின் உடலில் படும்போது, மூடி திறந்திருந்தும் மோட்டர் ஓடக்கூடும். சுருளில் 400 வோல்ற்று என்று எழுதியிருந்தால் இணைப்பு வேறு. எதுவாயினும் மின்வேலை தெரிந்தவரே செய்யட்டும். நீங்கள் அருகில் நின்று கேள்வி கேளுங்கள்.

ஒரு மில்லில் நாம் கண்டது இது. மூடி மூடும்போது அழுத்தப்படும் ஆளியைப் பொருத்தியிருந்தார்கள். அதன் முனையைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, மூடியில்லாமலே அரைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டபோது, மூடி அதிர்ந்து மோட்டர் அடிக்கடி நிற்கின்றது என்றார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிணைச்சல் தளர்ந்திருந்தது, அதை இறுக்கியிருந்தால் ரியூப் தேவைப்பட்டிராது.

ஆனால் ஆளி இருந்த விதமும் பிழை. மூடியே அழுத்தும் ஆளியை ஒரு விரலாலும் ஏமாற்றலாம். உள்ளே வில் உடைந்தாலோ தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலோ மூடி திறந்தும் மின்சாரம் அறாது. ஆகவே பிணைச்சல் பக்கத்தில், மூடி திறக்கும்போது முனை அழுந்தும்படி பொருத்துவது நல்லது. அப்போது மூடியின் விசையே தொடுமுனைகளைப் பலவந்தமாகப் பிரிக்கும். வாங்கும்போது, வட்டத்துக்குள் அம்புக்குறி உள்ள ஆளியாகப் பாருங்கள். தொடுமுனைகள் வில்லை நம்பாமல் பிரியும் என்பதற்கான அடையாளம் அது.

மின்சாரம் அற்றதும் சுத்தியல்கள் உடனே நின்றுவிடா. நிற்க எவ்வளவு நேரம் செல்கின்றது என்று மணிக்கூட்டைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். மூடியை நீண்ட மரையாணியால் பூட்டி, அதைக் கழற்ற அந்த நேரத்திலும் கூடுதலாகச் செல்லும்படி செய்யலாம்.

வேலை முடிந்ததும் மூன்று சோதனைகள்: மூடி திறந்திருக்கப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டர் ஓடக் கூடாது. ஓடும்போது மரையாணியைக் கழற்றி மூடியைச் சற்றே உயர்த்தினால் மின்சாரம் அற வேண்டும். திரும்ப மூடினால் தானாக ஓடக் கூடாது. வாரம் ஒருமுறையாவது இவற்றைச் செய்து பாருங்கள். சல்லடையைக் கழற்றும் நாளில் பிரதான ஆளியையும் நிறுத்தி, பியூசைக் கழற்றி, கையை விடுபவரே அதைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.